எட்டடிக்கு ஆறடிச் சமையலறை: மேடையும் அலமாரியும் கூட்டுவதற்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் சென்னை அடுக்குமாடி வீட்டுச் சமையலறையின் நீளம் 8 அடி, அகலம் 6 அடி. நீளச் சுவரை ஒட்டி 2 அடி அகலத்தில் கல் மேடை. வாசல் பக்கம் ஃபிரிட்ஜ் 2 அடி, அடுத்து அடுப்புக்கு இரண்டேகால் அடி, ஜன்னல் ஓரம் சிங்க் 2 அடி. அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே மிஞ்சியது 21 அங்குலம். மிக்ஸி, தண்ணீர் வடிகட்டி, பாத்திரம் கவிழ்க்கும் கூடை, எண்ணெய்த் தூக்கு, அஞ்சறைப் பெட்டி எல்லாம் அந்த 21 அங்குலத்தில்தான் நின்றன. அம்மா சப்பாத்திப் பலகையின் பாதியை மேடையிலும் பாதியைச் சிங்க்கின் விளிம்பிலும் வைத்துத் தேய்ப்பார். பலகை ஆடாமலிருக்க வயிற்றால் முட்டுக் கொடுத்துக்கொண்டே தேய்த்ததைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்யத்தான் இந்த வேலையில் இறங்கினோம்.

வேலை முடிந்தபோது 21 அங்குலமாக இருந்த மேடை 45 அங்குலம் ஆகியிருந்தது. அதற்கு மேல் மடக்குப் பலகை ஒன்று 26 அங்குலம். ஒரு சுவரைக்கூட இடிக்கவில்லை. இதில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்று: அடுப்புக்கும் சிங்க்குக்கும் இடையிலுள்ள இடத்தை முழுதாகக் காலியாக வைப்பதுதான் குறி. எந்த அலமாரியை எங்கே போடலாம் என்ற கேள்வி வந்தாலும், அந்த இடத்திலிருந்து எதை இது எடுத்துவைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த அலமாரி வேண்டாம்.

முதல் வேலை: தச்சரைக் கூப்பிடுவதற்கு ஒரு மாதம் முன்பு

ஒவ்வொரு பாத்திரத்திலும், ஒவ்வொரு சாமானிலும் சிறிய காகித டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். எடுத்துப் புழங்கினால் டேப்பைக் கிழித்துவிட வேண்டும். முப்பது நாள் கழித்து டேப் போகாமல் இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் ஏழு சருவங்கள், இரண்டு பழைய குக்கர், மூன்று டஜன் எவர்சில்வர் தம்ளர்கள் அப்படி நின்றன. சீர்வரிசையாக வந்த பாத்திரங்களைக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை; அது நியாயம்தான். அவற்றைத் துணியில் சுற்றிப் படுக்கையறைப் பரணுக்கு ஏற்றினோம். சமையலறைக்குள் இருக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

மிச்சமிருப்பவற்றை மூன்றாகப் பிரியுங்கள். தினமும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையிலான உயரத்துக்கு. வாரம் ஒருமுறை எடுக்கும் இட்லிப் பானை, கிரைண்டர் போன்றவை கீழே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இறங்கும் முறுக்கு அச்சு, அண்டா, பெரிய வாணலி பரணுக்கு. இந்தப் பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் எத்தனை அலமாரி தேவை என்றே தெரியும். நாங்கள் முதலில் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்கு தேவைப்படவில்லை.

அளவு எடுப்பது

பழைய கட்டடச் சுவர்கள் நேராக இருப்பதில்லை. ஒவ்வொரு சுவரையும் தரைமட்டம், மேடைமட்டம், தலைமட்டம் என மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதைக் கணக்கில் வையுங்கள். தரையில் மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வராவிட்டால் அறை கோணலாக இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு ஒன்றரை அங்குலம் வேறுபட்டது. அது தெரியாமல் அலமாரியைச் செய்து கொண்டுவந்திருந்தால் ஒரு மூலையில் ஒட்டியும் மறுமூலையில் கரப்பான் குடியேறும் அளவுக்கு இடைவெளி விட்டும் நின்றிருக்கும்.

தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், சுவிட்ச் பெட்டி, ஜன்னல் அடிமட்ட உயரம், மேலே உத்தரம் இறங்கும் இடம் எல்லாவற்றையும் கட்டக் காகிதத்தில் குறியுங்கள். ஒரு கட்டத்துக்கு 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

அதன்பின் பழைய செய்தித்தாளை அலமாரியின் அளவுக்கு வெட்டித் தரையிலும் சுவரிலும் ஒட்டி, இரண்டு நாள் அதற்குள்ளேயே சமைத்துப் பாருங்கள். சிரமமாகத் தோன்றினாலும் இதைத் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜன்னல் சுவரில் 3 அடி நீள மடக்குப் பலகை போடலாம் என்று நாங்கள் திட்டமிட்டிருந்தோம். செய்தித்தாளை ஒட்டிய அன்று மாலையே, பலகை விரிந்திருக்கும்போது சிங்க் முன்னால் நிற்க முடியாது என்று அம்மா காட்டினார். சிங்க் முன் ஓர் ஆள் நிற்க 22 அங்குலம் ஒதுக்கி, பலகையை 26 அங்குலமாகக் குறைத்தோம். காகிதத்தில் போட்ட படம் இதைச் சொல்லியிருக்காது.

நடக்கும் வழி 3 அடிக்குக் குறையக் கூடாது. இழுப்பறை முழுதாகத் திறந்தால் 20 அங்குலம் வெளியே வரும். அதன் முன் குனிந்து நிற்கவும் இடம் வேண்டும். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் சமைப்பார்கள் என்றால் மூன்றரை அடி இருப்பது நல்லது.

கட்டாமலே கிடைக்கும் இடம்

மேடையைக் கூட்டுவதற்கு மிக விரைவான வழி ஃபிரிட்ஜைக் கூடத்துக்கு நகர்த்துவது. எங்களுக்கு ஒரே நாளில் 2 அடி கிடைத்தது. ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் அதே மட்டத்தில் கல் போட்டு மேடையை நீட்டி மிக்ஸிக்கும் தண்ணீருக்கும் இடம் ஒதுக்கினோம். அடுப்புக்கும் சிங்க்குக்கும் இடைப்பட்ட 21 அங்குலம் முழுதாக விடுபட்டது. ஃபிரிட்ஜில் எதையாவது எடுக்க நான்கு எட்டு கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது என்று முதல் வாரம் குறைப்பட்ட அம்மா இரண்டாம் வாரத்தில் அதைப் பற்றிப் பேசவில்லை.

தண்ணீர் வடிகட்டியைச் சுவரில் மாட்டுங்கள். பாத்திரம் கவிழ்க்கும் கூடையை மேடையிலிருந்து எடுத்து, சிங்க்குக்கு நேர் மேலே சுவரில் எவர்சில்வர் தட்டாக மாட்டினால் சொட்டும் நீர் சிங்க்கிலேயே விழும். சிங்க்கின் வாய் அளவுக்குத் தடித்த பலகை ஒன்றை அறுத்து, அடியில் வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டி வைத்துக்கொண்டால், பாத்திரம் கழுவாத நேரத்தில் சிங்க்கும் மேடையாகும். காய் நறுக்க இதைவிட வசதியான இடம் இல்லை.

மேடையின் உயரம்

கல் மேடையை மாற்றுவதாக இருந்தால் சமைப்பவரை அளந்து மாற்றுங்கள். வெறுங்காலில் நேராக நின்று முழங்கையை மடக்கினால், தரையிலிருந்து முழங்கை வரை வரும் உயரத்தில் 4 முதல் 5 அங்குலம் கழிக்க வேண்டும். அம்மாவின் உயரம் 5 அடி. முழங்கை 37 அங்குலத்தில் வந்தது. அவருக்கு 32 அல்லது 33 அங்குலம் சரி. எங்கள் பழைய மேடையோ 34. கல்லை உடைத்துத் தாழ்த்தும் செலவுக்கு நாங்கள் போகவில்லை. மாறாக, மடக்குப் பலகையை மட்டும் 30 அங்குலத்தில் வைத்தோம். மாவு பிசைவதும் சப்பாத்தி தேய்ப்பதும் மேலிருந்து அழுத்தும் வேலை. அதற்குத் தாழ்ந்த பரப்புதான் தோளுக்கு இதம்.

புதிதாகக் கல் போடுவோர் கிரானைட்டையே எடுங்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் இனம். எலுமிச்சைச் சாறும் புளியும் பட்ட இடம் வெளுத்துத் தழும்பாகிவிடும். அலமாரித் தட்டுகளுக்கு மட்டும் கடப்பா இன்றும் நல்ல பொருள், கரையானுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மேடைக் கல்லைச் சுவரிலிருந்தோ கீழ் அலமாரியிலிருந்தோ வெளியே நீட்டி இடம் சேர்க்க நினைத்தால், வழக்கமான முக்கால் அங்குலக் கிரானைட்டை 6 அங்குலத்துக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீட்டாதீர்கள்.

மேடைக்குக் கீழே

நம் பழைய மேடைகளின் அடியில் கடப்பா கற்கள் செங்குத்தாக நின்று மேல் கல்லைத் தாங்கும். பலர் இவற்றை உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்யச் சொல்கிறார்கள். கற்கள் உறுதியாக இருந்தால் தேவையில்லை. கற்களுக்கு இடையிலுள்ள ஒவ்வோர் அறைக்குள்ளும் இழுப்பறையைப் பொருத்திவிடலாம். அதிலிருக்கும் பலன் சாதாரணமானதல்ல. 2 அடி ஆழமுள்ள தட்டில் பின்வரிசையில் இருக்கும் டப்பாவை எடுக்க முன்வரிசை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் அதைச் செய்வதில்லை. அதனால் பாதி இடம் வீணாகவே கிடக்கும். இழுப்பறையில் கடைசி டப்பாவும் கைக்கு வந்துவிடும்.

கணக்கு இப்படி: இரண்டு கற்களுக்கு இடையே மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து மிகக் குறைந்ததை எடுங்கள். இழுப்பறை ஓடும் உலோகத் தண்டவாளமான சானலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் வீதம் 1 அங்குலம் கழியுங்கள். கல்லில் நேராகச் சானலைத் திருக முடியாது என்பதால், இருபக்கமும் பலகை ஒட்டி அதில் திருக வேண்டும். அந்தப் பலகைகளின் தடிமனையும் கழித்தால் இழுப்பறையின் வெளியகலம் கிடைக்கும். முழுதாக வெளியே வரும் பால் பேரிங் சானல் வாங்குங்கள். முக்கால்வாசி மட்டும் வரும் சானல் விலை குறைவுதான். கடைசி கால்வாசி மறுபடியும் இருட்டறை ஆகிவிடும்.

மேல் இழுப்பறை 4 அங்குல உயரம்: கரண்டி, கத்தி, அஞ்சறைப் பெட்டி. நடுவில் 8 அங்குலம்: பருப்பு டப்பாக்கள். கீழே 12 அங்குலம்: குக்கர், வாணலி, தோசைக்கல். டப்பாக்களின் மூடியில் பெயர் எழுதுங்கள், மேலிருந்து பார்க்கும்போது அதுதான் தெரியும்.

எரிவாயு சிலிண்டர் விஷயத்தில் தயவுசெய்து அழகைப் பார்க்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரைக் கதவு போட்டு இறுக மூடினால், கசிந்த வாயு அந்தப் பெட்டிக்குள்ளேயே நிற்கும். கதவைத் திறக்கும் நேரத்தில் அருகே நெருப்பு இருந்தால் போதும். எங்கள் வீட்டில் சிலிண்டர் அறைக்குக் கதவே போடவில்லை. போட்டே ஆக வேண்டும் என்போர் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்ட கதவாக, கீழ்விளிம்பில் தாராளமான திறப்போடு செய்யுங்கள். உள்ளே பிளக் பாயிண்ட் கூடாது. வீட்டு சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய 13 அங்குலம், உயரம் 2 அடிக்குச் சற்று மேல். ரெகுலேட்டரைக் கையால் எட்டித் திருப்பவும் இடம் வேண்டும் என்பதால் 15 அங்குல அகலமும் 28 அங்குல உயரமும் ஒதுக்குங்கள். உள்ளே 14.2 கிலோ வாயு நிரம்பிய சிலிண்டர் மொத்தத்தில் 30 கிலோ வரை கனக்கும். அதை இழுத்து மாற்றுவது பெண்களாகவும் முதியவர்களாகவும் இருப்பார்கள் என்பதை நினைத்து, அடியில் சக்கரத் தட்டு வையுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ரப்பர் குழாயை அலமாரிக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமும் வேண்டாம். கண்ணில் பட்டால்தான் வெடிப்பு தெரியும், 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற நினைவும் வரும்.

சிங்க்கின் அடிப்பகுதிக்கு எந்த மரப்பலகையும் வேண்டாம். முன்பு ஒருமுறை வேறொருவரிடம் அலமாரி செய்தபோது அங்கே மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைப் போட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் அது ரொட்டி போல் உப்பி, கீல் கழன்று, கதவு கையோடு வந்தது. இப்போது அங்கே அலுமினியச் சட்டமும் எவர்சில்வர் தட்டும்தான். துடைப்பத் துணியும் குப்பைக் கூடையும் போதும். மளிகை வைக்கும் இடமல்ல அது.

சுவரில் மாட்டும் அலமாரி

மேடைக்கும் மேல் அலமாரியின் அடிக்கும் 18 முதல் 20 அங்குலம் விடுவது வழக்கம். வழக்கத்தை நம்பி விடாமல், உங்கள் மிக்ஸியில் பெரிய ஜாரையும் மூடியையும் வைத்து அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது 19 அங்குலம் வந்தது. 18 விட்டிருந்தால் மூடியை எடுக்க ஒவ்வொரு முறையும் மிக்ஸியை முன்னால் இழுத்திருக்க வேண்டும். 21 விட்டோம்.

ஆழம் 12 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் காய் நறுக்கக் குனியும்போது நெற்றி இடிக்கும். 5 அடி உயரமுள்ளவரின் கை சிரமமில்லாமல் எட்டுவது தரையிலிருந்து 6 அடி வரைதான். எனவே மேல் அலமாரியின் கீழ்த்தட்டும் அதற்கடுத்த தட்டுமே தினசரிப் புழக்கத்துக்கு. அதற்கு மேலே போவதெல்லாம் முக்காலி தேவைப்படும் இடம் என்று தெரிந்து வையுங்கள்.

அடுப்புக்கு நேர் மேலே மர அலமாரி கூடாது. அங்கே புகைபோக்கி வைத்தால் அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் சுவரைக் காலியாகவே விடுங்கள்.

இனி மாட்டுவது. 2 அடி அகலமுள்ள ப்ளைவுட் அலமாரி வெறுமையாகவே 15 கிலோ வரை இருக்கும். பாத்திரமும் மளிகையும் ஏறினால் மும்மடங்கு. அது யார் தலைக்கு மேல் தொங்கப்போகிறது என்பதை நினைத்தால் இந்த வேலையில் அவசரம் வராது. முதலில் சுவர் எதனால் ஆனது என்று அறிய வேண்டும். ட்ரில் துளையிலிருந்து விழும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். நைலான் பிளக்கும் ஸ்க்ரூவும் நன்றாகப் பிடிக்கும். சாம்பல் நிறத்தில் வந்து, துளை கடினமாகப் போனால் கான்கிரீட்; இன்னும் உறுதி. எந்த எதிர்ப்பும் இல்லாமல் ட்ரில் உள்ளே போய், வெண்மையான மெல்லிய தூள் கொட்டினால் அது இலேசான காற்றடைப்புக் கல் (ஏ.ஏ.சி. பிளாக்). புதிய அடுக்குமாடிகளில் இதுதான் மிகுதி. அதில் சாதாரணப் பிளக் நாளடைவில் தளர்ந்துவிடும். அந்தக் கல்லுக்கென்றே வரும் நீண்ட ஆங்கர்களைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அலமாரியின் கனம் தரைக்கு இறங்கும்படி கால் வைத்த அலமாரியாகச் செய்துவிடுங்கள்.

செங்கல் சுவரிலும் ஒரு கணக்கு உண்டு. டைல்ஸ் கால் அங்குலத்துக்கு மேல், பூச்சு அரை அங்குலத்துக்கு மேல், அலமாரியின் முதுகுப் பலகை, அதன் பின் சட்டம். 2 அங்குல ஸ்க்ரூ இவற்றையெல்லாம் கடந்து செங்கல்லைத் தொடும்போது அதன் நீளம் முடிந்துவிடும். 3 அங்குலத்துக்கு மேற்பட்ட ஸ்க்ரூ போடுங்கள். அலமாரியின் மேற்புறத்தில் குறுக்குச் சட்டம் வைத்து அதன் வழியாகத் திருகச் சொல்லுங்கள். மெல்லிய முதுகுப் பலகையில் மட்டும் திருகினால் சுவரில் பலகை நிற்கும், அலமாரி கழன்று வரும்.

டைல்ஸில் துளையிடும் இடத்தில் காகித டேப் ஒட்டிக் குறித்தால் ட்ரில் வழுக்காது. டைல்ஸ் தாண்டும்வரை ட்ரில்லை, அடித்துத் துளைக்கும் சுத்தியல் முறையில் போடக் கூடாது. சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி போகும், குழாய்க்கு நேர் மேலே தண்ணீர்க்குழாய் போகும் என்று எண்ணி அந்தக் கோடுகளை விட்டு விலகுங்கள். சுவரின் மறுபக்கம் குளியலறை என்றால் அங்கே குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்த பிறகே ட்ரில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

எதிர்ச் சுவரில் மெல்லிய நெட்டை அலமாரி

குறுகிய சமையலறையில் எதிர்ச் சுவர் வெறுமையாகவே நிற்கும். 2 அடி ஆழத்தில் அங்கே ஒன்றும் போட முடியாது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். 12 அங்குலம் போதும். 9 அங்குலம்கூடப் போதும். ஒரு வரிசை டப்பா நின்றால் ஒன்றுக்குப் பின் ஒன்று ஒளிந்துகொள்ளாது. எங்களிடம் மேடைக்கு முன்னால் 4 அடி இருந்தது. அதில் 12 அங்குலம் எடுத்து 5 அடி நீளம், 7 அடி உயரத்தில் அலமாரி செய்தோம். நடக்க 3 அடி மிஞ்சியது. கதவு ஒவ்வொன்றும் 15 அங்குலம்தான் என்பதால் திறந்து நின்றாலும் வழி மறிக்காது. தட்டுகளின் இடைவெளியை உங்கள் டப்பாக்களின் உயரத்துக்கு 2 அங்குலம் கூட்டி வையுங்கள். எங்கள் மாத மளிகை முழுவதும் இதில் அடங்கிவிட்டது. கீழ்த்தட்டில் அரிசி டின். உயரமான அலமாரி கவிழாமலிருக்க மேல் விளிம்பைச் சுவரோடு திருகுவது கட்டாயம், வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கட்டாயம்.

மடக்குப் பலகை

1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அகலத்தில் எங்கள் சமையலறையைவிட ஒரு சாண்கூட அதிகமில்லை. ரயிலின் உணவுப் பெட்டியில் சமையல்காரர்கள் எவ்வளவு சிறிய இடத்தில் வேலை செய்கிறார்கள் என்பதை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். மடக்கிவிடும் இஸ்திரிப் பலகை, சர்க்கரைக்கும் அரிசிக்கும் பெயர் எழுதிய, மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள் என்று அதில் இருந்தவற்றைப் படத்தில் பார்த்தபோதுதான், தேவைப்படும்போது மட்டும் இருந்து மற்ற நேரம் இல்லாமல் போகும் மேடை என்ற யோசனையே எங்களுக்கு வந்தது.

எங்கள் பலகை 26 அங்குல நீளம், 15 அங்குல அகலம். ஜன்னலுக்குக் கீழே, சுவரில் திருகிய இரண்டு மடக்குத் தாங்கிகளின் மேல் நிற்கிறது. ஓரத்தை அழுத்தினால் இறங்கிச் சுவரோடு ஒட்டிவிடும். தாங்கி வாங்கும்போது அதன் கை பலகையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்காவது வருகிறதா என்று பாருங்கள். சிறிய தாங்கி போட்டால் முன்விளிம்பில் மாவு பிசையும்போது பலகை தலையாட்டும். இதன் மேல் கிரைண்டர் வைக்க வேண்டாம்.

பலகைப் பொருள்

சமையலறைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, கொதிநீர் தாங்கும் ப்ளைவுட்டைக் கேளுங்கள். ஐ.எஸ். 303 அதற்கு ஒரு படி கீழே; ஈரம் படாத நெட்டை அலமாரிக்கு அது போதும். முத்திரை ஒவ்வொரு பலகையிலும் அச்சாகியிருக்கும். பலகை அறுபடுவதற்கு முன் நீங்கள் நேரில் இருந்து பார்க்க வேண்டும். அறுத்து லேமினேட் ஒட்டிய பிறகு யாராலும் சொல்ல முடியாது. பெட்டிக்கு முக்கால் அங்குலத் தடிமன். அறுத்த விளிம்பு எதுவும் திறந்து இருக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்பும்கூட. ஈரம் நுழைவது அங்கேதான்.

தரையில் நிற்கும் பெட்டிகளை 4 அங்குலக் கால்களில் ஏற்றுங்கள். தரை கழுவும் நீர் பலகையைத் தொடாது, மேடையை நெருங்கி நிற்கும்போது கால்விரலுக்கும் இடம் கிடைக்கும்.

மின்சாரம், அலமாரிக்கு முன்பே

அலமாரி மாட்டிய பின் சுவரை வெட்ட நேர்ந்தால் வேதனைதான். மிக்ஸிக்கு சாதாரண பிளக் போதும். இன்டக்ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 9 ஆம்பியர் வரை இழுக்கும்; அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பியும் வேண்டும். பிளக்குகள் மேடையிலிருந்து 8 அங்குலம் மேலே, சிங்க்கிலிருந்து கைக்கெட்டாத தூரத்தில். ஈரக்கையோடு வேலை செய்யும் அறை என்பதால், வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாவிட்டால் இந்தச் சாக்கில் வைத்துவிடுங்கள். மேல் அலமாரியின் அடியில் முன்விளிம்பை ஒட்டி ஒரு எல்.இ.டி. விளக்குப் பட்டை போட்டால், நறுக்கும் கையின் மேல் உங்கள் நிழல் விழாது.

தச்சரோடு பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை

சதுர அடிக் கணக்கு என்றால் முன்பக்கப் பரப்பா, பலகையின் மொத்தப் பரப்பா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. சானல், கீல், கைப்பிடி, உட்பக்க லேமினேட், பழைய கல் அப்புறப்படுத்தும் கூலி ஆகியவை அதில் அடங்குமா என்பதையும் எழுதி வாங்குங்கள். எங்கள் தச்சர் நேர்மையானவர். அவரே எல்லாவற்றையும் தாளில் எழுதித் தந்தார். அதனால்தான் கடைசி நாளில் ஒரு மனத்தாங்கலும் வரவில்லை.

வேலை வரிசை இது: மின்கம்பி, குழாய், டைல்ஸ், மேடைக் கல், கீழ்ப்பெட்டிகள், மேல் அலமாரி, கதவுகள். கல் வந்து உட்கார்ந்த பிறகு இழுப்பறைகளுக்கு மறுபடி அளவெடுக்கச் சொல்லுங்கள். இந்த நாட்களில் சமைக்க, கூடத்தில் ஒரு மேசையையும் ஒற்றை அடுப்பையும் முன்னரே தயார் செய்துவிடுங்கள்.

வாடகை வீடு என்றால்

சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்க மாட்டார் என்று எண்ணிப் பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள், போகும்போது அடைத்துத் தருகிறேன் என்றால் பலர் இசைவார்கள். இல்லாவிட்டாலும் வழி உண்டு. பூட்டும் சக்கரம் வைத்த, இரண்டடிக்கு ஒன்றரையடி எவர்சில்வர் மேசை ஒன்று மேடைக்கு ஈடாகும், வீடு மாறும்போது கூடவே வரும். சிங்க்குக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் பாத்திரத் தட்டு, மேடைக்கு அடியில் கால் வைத்த இழுவைக் கூடைகள், மேடையின் ஓரத்தில் சுவரோடு சுவராக நிற்கும் 5 அங்குல அகல மசாலாத் தட்டு. சிங்க் பலகையை எந்த வீட்டிலும் செய்துகொள்ளலாம்.

முதல் மாதம்

அலமாரி வந்தவுடன் எல்லாவற்றையும் நிரப்பிவிடாதீர்கள். தினசரிச் சாமான்களை மட்டும் அடுக்கி ஒரு வாரம் சமையுங்கள். கை எங்கே தேடிப் போகிறதோ அங்கே அந்தப் பொருளை மாற்றுங்கள். உப்பு ஜாடி எங்கள் வீட்டில் மூன்று முறை இடம் மாறி, கடைசியில் அடுப்புக்கு வலப்பக்கம் நின்றது.

சுவரும் பெட்டியும் சேரும் கோடுகளில் சிலிக்கோன் அடைப்பு போட்டு விடுங்கள், கரப்பானுக்கு அரைக்கால் அங்குலம் போதும். பாரம் ஏறிய பின் கதவுகள் கொஞ்சம் இறங்கும், ஒன்றோடொன்று உரசும். பயப்பட வேண்டாம். கீலின் உட்புறம் இரண்டு ஸ்க்ரூக்கள் தெரியும். ஒன்று கதவை உள்ளும் வெளியுமாக நகர்த்தும், மற்றது இடமும் வலமுமாக. கால் திருப்புத் திருப்பி, கதவை மூடிப் பார்த்து, மறுபடி கால் திருப்பு. மேல் அலமாரிகளின் சுவர் ஸ்க்ரூக்களையும் அதே நாளில் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.